பி.கே. ஒன்றுக்குப் பொறுப்பாளர்

மதுரையிலிருந்து மேலூர் போகிற ரோட்டில் ஒத்தக்கடையைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு மஞ்சள் கட்டடம் வரும். அதன் பெயர்ப்பலகையை டவுன் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு முழுதாகப் படித்தவர் எவரும் கிடையாது. 'பாண்டிய மண்டல நுண்ணுயிர்ப் பொறியியல் மற்றும் தொழில்நுட்ப மேம்பாட்டு' என்பது வரைக்கும் வருவதற்குள் பஸ் அடுத்த ஸ்டாப்பில் நிற்கும். கண்டக்டர்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. "கிருமி ஆபீஸ்லாம் எறங்கு!" என்று ஒரே சத்தத்தில் முடித்துவிடுவார்கள். உள்ளே போவதற்குச் சுலபமான ஆபீஸ்தான். வெளியே வருவதைப் பற்றித்தான் இந்தக் கதை.

கிரிதரன் அங்கே எட்டு வருஷமாகத் தற்காலிகமாக இருந்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவனுடைய தற்காலிகத்தைப் புதுப்பித்து ஒரு காகிதம் வரும்; கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வான். சௌராஷ்டிரக் குடும்பம். திருப்பரங்குன்றத்தில் வாடகை வீடு, மனைவி பத்மாசினி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் தீப்தி. தினமும் மூன்று பஸ் மாறி, மாட்டுத்தாவணி நெரிசலில் சட்டை கசங்கி, எட்டே முக்காலுக்கு ஆய்வகத்தில் இருப்பான். ஒரு நாள் பிந்தினான் என்று எவனும் விரல் நீட்ட முடியாது.

அவன் வேலை என்னவென்றும் சொல்லிவிட வேண்டும். ஐஸ்கிரீம் சட்டென்று உருகாமல் நிற்பதற்கும், தக்காளி சாஸ் பாட்டிலின் அடியில் தட்டினால்தான் விழுவேன் என்று அடம்பிடிப்பதற்கும், சேலையில் அச்சடிக்கிற சாயம் கோட்டைத் தாண்டி ஓடாமல் இருப்பதற்கும் ஒரு பசை போடுகிறார்கள். அந்தப் பசையைத் தயாரிப்பது ஒரு பாக்டீரியா. சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துப் பசையாகக் கக்கும். நல்ல உழைப்பாளிதான், ஆனால் நாக்கு நீளம். சர்க்கரையைத் தவிர வேறு எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிரிதரன் இன்னொரு பாக்டீரியாவிலிருந்து இரண்டு மரபணுக்களை வெட்டி எடுத்து இதற்குள் ஒட்டினான். அதற்கப்புறம் பாலைத் திரித்துப் பன்னீர்க் கட்டி பிழிந்தபின் சாக்கடைக்குப் போகிற தண்ணீரையே அது ஆசையாகக் குடித்தது. குடித்துவிட்டு இரண்டு மடங்கு பசை கக்கியது. குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. ஐந்து வருஷ உழைப்பு. அன்றைக்கு அவன் ஆய்வகத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

அந்தப் பாக்டீரியாவுக்கு பி.கே. ஒன்று என்று பெயர் வைத்தார்கள். பி.கே. என்றால் பஞ்சாபகேசன். அவர்தான் இயக்குநர். பெயர் சூட்டு விழாவன்று ஆய்வகத்துக்கு வந்து, மேசை மேலிருந்த விளக்கு, குடுவை, பேனா ஸ்டாண்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதுல எதுப்பா அது?" என்று அன்பாகக் கேட்டார்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஜூன் மாதம் ஹைதராபாத்திலிருந்து சிவராம் என்பவர் கூப்பிட்டார். பசைத் தொழிற்சாலையின் மேலாளர். கிரிதரன் எழுதிய கட்டுரையைப் படித்திருக்கிறார். நிரந்தர வேலை, சொந்த ஆய்வகம், இருக்க வீடு. "டிசம்பர் ஒண்ணாந்தேதி வந்து சேந்துரணும். ரிலீவிங் ஆர்டர் கையில இருக்கணும், அது இல்லாம எங்க கம்பெனில சேக்க மாட்டாங்க" என்றார்.

அம்புட்டுத்தானே என்று நினைத்தான் கிரிதரன். பத்மாசினி வீட்டுக்காரரிடம் நவம்பர் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தீப்தியின் டி.சி.க்கு எழுதிக் கொடுத்தாயிற்று. ஜூலை மாதமே பாத்திரங்களில் பாதியைச் சாக்கில் கட்டினாள்.

ராஜினாமாக் கடிதத்தை வாங்கிப் படித்த பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிரி, நீ போறதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் கிடையாது. யாரையும் பிடிச்சு வச்சுக்கற ஸ்தாபனம் இல்ல இது. ஆனா பாரு, நீ உண்டாக்கின ஜீவன் ஒண்ணு உள்ள இருக்கே. அதுக்கு நீதானே பொறுப்பாளர்? அத என்ன பண்றது?"

"வேற ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போறேன் சார்."

"பேஷா ஒப்படைக்கலாம். ஆனா உனக்குச் சமமான தகுதி உள்ளவர்கிட்டதான் ஒப்படைக்கணும்னு விதி. உனக்குச் சமமா இங்க யாருப்பா இருக்கா?"

எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. அரை நிமிஷம் கிரிதரனுக்குக் குளிர்ந்துகூடப் போயிற்று. அப்புறம்தான் கதவு சாத்திக்கொண்டது புரிந்தது.

"அப்ப அழிச்சிர்றேன் சார். இருவது நிமிஷ வேலை."

பஞ்சாபகேசன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எம்பேர வச்சுண்டு இருக்கறத அழிக்கறேன்னு எங்கிட்டயே சொல்றே. போகட்டும். அதுக்கும் பாதுகாப்புக் கமிட்டி அனுமதி தரணும். எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தான். பாதுகாப்புக் கமிட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். அவன் அதிர்ஷ்டம், அடுத்த வாரமே கூடியது. உறுப்பினர்கள் ஏழு பேர். செயலாளர் சந்தானம். விதிப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பிரிக்காமலேயே பக்க எண் சொல்லக்கூடிய மனுஷர்.

"பி.கே. ஒன்று ஆபத்தானதா?" என்றார் சந்தானம்.

"இல்லைங்க சார். ஒரு ஆபத்தும் கிடையாது."

"ஆபத்து இல்லாதத எதுக்குங்க அழிக்கணும்? ஆபத்தில்லாத அரசாங்க உடைமைய அழிக்க எந்த விதியில எடம் இருக்கு?"

கிரிதரன் யோசித்தான். "சரி சார், கொஞ்சம் ஆபத்து இருக்குன்னே வச்சுக்குவோம்."

"ஆபத்தான ஒண்ண உண்டாக்கிவிட்ட ஆளை வெளிய விட்டா நாளைக்கு நான்ல பதில் சொல்லணும்?"

அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். தேநீர் வந்தது. தேநீர் குடிக்கிற நேரத்தில் ஒரு உறுப்பினர், சும்மா இருக்க மாட்டாமல், இந்தப் பாக்டீரியாவின் பூர்வீகம் என்ன என்று கேட்டுத் தொலைத்தார்.

"முட்டைக்கோஸ்ல வர்ற நோய்க்கிருமிங்க சார். இலை ஓரம் கருகும்" என்று கிரிதரன் உள்ளதைச் சொன்னான். விஞ்ஞானிக்கு வாய்தான் எதிரி.

தேநீர்க் கோப்பைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கீழே வந்தன. கேள்வி கேட்டவர் மெல்லிய குரலில், "நேத்து எங்க வீட்ல முட்டைக்கோஸ் பொரியல்" என்றார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. மூன்று பேர் கொண்ட உபகமிட்டி ஒன்று ஜீப்பில் கிளம்பி, இரண்டு நாள் சுற்றுவட்டாரத்தை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. 'யானைமலை அடிவாரம் வரை முட்டைக்கோஸ் சாகுபடி தென்படவில்லை. நெல், வாழை, பிளாட் கற்கள் மட்டுமே காணப்பட்டன. ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தில் நூடுல்ஸ் வண்டி ஒன்றில் சந்தேகத்துக்குரிய இலை நறுக்குகள் இருந்தன. உபகமிட்டி அவற்றை உண்டு அப்புறப்படுத்தியது.'

அதன்மேல் உத்தரவு வந்தது. நிறுவன வளாகத்துக்குள் முட்டைக்கோஸ் எந்த உருவத்திலும் நுழையக்கூடாது. வாசல் காவலாளி ஆண்டிச்சாமியின் கூண்டில் முட்டைக்கோஸின் கலர்ப்படம் ஒன்றை ஒட்டிவைத்தார்கள். தேடப்படும் குற்றவாளிகளின் படத்துக்குப் போடுகிற மாதிரி கீழே அடையாளங்களும் எழுதியிருந்தார்கள்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்கிறாதீங்க, மேலிடத்து உத்தரவு. மூடியத் தொறங்க" என்று தினமும் காலையில் கிரிதரனுடைய சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்ப்பான் ஆண்டிச்சாமி. "இது என்னண்ணே வெள்ளையா?"

"தேங்காப்பூ."

"துருவுனது வேணாம்ணே. நாளைலருந்து துருவாம முழுசாக் கொண்டாங்க. அடையாளம் தெரியணும்ல?"

மற்றவர்கள் டப்பாவை மேலோட்டமாகப் பார்ப்பதோடு சரி. பொறுப்பாளருக்குத்தான் கூடுதல் சோதனை. ஆகஸ்ட் மாதம் இன்னொரு காகிதம் வந்தது. பொறுப்பாளரின் கையிலோ, உடையிலோ, மூச்சிலோ பி.கே. ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டாகையால், முட்டைக்கோஸ் விளைகிற பிரதேசங்களுக்கு அவர் போகக்கூடாது. கொடைக்கானல் கூடாது, ஊட்டி கூடாது, காய்கறி மார்க்கெட் கூடாது. ஹைதராபாத் போவதானால் ரயில் பாதையின் இரண்டு பக்கமும் முட்டைக்கோஸ் இல்லை என்று அந்தந்த மாவட்ட வேளாண்மை அலுவலகத்தில் சான்று வாங்கி இணைக்க வேண்டும். ஜன்னல் ஓரத்து இருக்கைக்குத் தனி மனு.

கிரிதரன் பதினான்கு மாவட்டத்துக்கு எழுதினான். இரண்டு மாவட்டத்திலிருந்து பதில் வந்தது. ஒன்றில், 'தாங்கள் கோரிய முட்டைக்கோஸ் விதை தற்சமயம் இருப்பில் இல்லை' என்றிருந்தது. இன்னொன்றில் இருப்பு இருக்கிறது, ரேஷன் கார்டோடு வந்து பெற்றுக்கொள்ளவும் என்றிருந்தது.

அதைப் படித்துவிட்டுப் பத்மாசினி அவனைச் சௌராஷ்டிரத்தில் திட்டினாள். தமிழில் எழுதினால் காரம் பாதி போய்விடும். இருந்தாலும் சாரம் இதுதான்: "கிருமிய நீங்க வளக்குறீங்களா, கிருமி ஒங்கள வளக்குதா? எட்டு வருஷமா நாளைக்குப் போ நாளைக்குப் போன்னு வச்சிருந்த ஆபீஸு, போறேன்னு சொன்னதும் காலக் கட்டுதே. நீங்களும் கட்டுன கயித்துக்கு முடிச்சு எடுத்துக் குடுக்குறீங்க. பேசாம ஒரு நாள் போகாம இருங்களேன், என்னதான் ஆகுதுன்னு பாப்போம்."

"ஆர்டர் இல்லாம அங்க சேக்க மாட்டாங்க பத்மா."

"பாத்திரம் பாதி சாக்குல கெடக்கு. மூணு மாசமா ஒரே சட்டியில சாம்பாரும் வைக்கிறேன், காப்பியும் போடுறேன். எனக்கு அழுகையா வருது" என்றாள். சொன்னபடியே அழுதாள்.

அவனுக்கும் கத்தத் தோன்றியது. கிணற்றுக்குள் விழுந்தவன் கூடக் கையைத் தூக்கிக் கத்தலாம். இவன் கத்துவதானால் மூன்று பிரதி எடுத்துச் சந்தானத்திடம் கொடுக்க வேண்டும்.

அக்டோபர் பிறந்தது. ஆயுத பூஜை வந்தது.

கிருமி ஆபீஸில் ஆயுத பூஜை தடபுடலாக இருக்கும். நுண்ணோக்கி, தராசு, டைப் மெஷின், ஜீப் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, கூடத்தில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்குவார்கள். கிரிதரனுக்கு வருஷா வருஷம் ஒரே வேலைதான். மாட்டுத்தாவணி ரோட்டோரக் கடைகளுக்குப் போய்ப் பூவும் பொரியும் வாழைக்கன்றும் பூசணிக்காயும் வாங்கி வர வேண்டும். மரபணுவை வெட்டி ஒட்டத் தெரிந்தவனுக்கு மாலை பார்த்து வாங்கத் தெரியாதா என்பது அவர்கள் நியாயம்.

அவன் ஆட்டோவில் மல்லிகைக் கூடைக்கு நடுவே உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்தபோது, இங்கே கூடத்தில் பஞ்சாபகேசனுக்கு ஒரு எண்ணம் உதித்தது. நிறுவனத்தின் தலையாய ஆயுதம் எது? பி.கே. ஒன்று அல்லவா? தராசும் ஜீப்பும் அம்பாள் பாதத்தில் இருக்க, அது மட்டும் ஃப்ரீசருக்குள் கிடப்பது என்ன முறை?

"விதி பதினாலு சார்" என்றார் சந்தானம். "மரபணு மாத்துன உயிரி எதுவா இருந்தாலும் ஆய்வகத்துக் கதவைத் தாண்டணும்னா, ஆட்டோகிளேவ்ல வச்சு நூத்தி இருபத்தோரு டிகிரியில இருவது நிமிஷம் அவிச்சுத்தான் வெளிய கொண்டு வரணும்."

"ரொம்ப சரி" என்றார் பஞ்சாபகேசன். "நானும் அதையேதான் சொல்ல வந்தேன். சாமிக்கு முன்னாடி கிருமியப் பச்சையா வைக்கப்படாது. அது தீட்டு. சுத்தம் பண்ணித்தான் வைக்கணும்."

அந்த நிறுவனத்தில் சாஸ்திரமும் சட்டமும் ஒரே பக்கம் நின்றது அன்றைக்குத்தான். ஆட்டோகிளேவ் பார்க்கிற ராக்கம்மாளைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் எடுத்து அவிக்கச் சொன்னார்கள்.

அதே நேரத்தில் கிரிதரன் வாசலில் மாட்டிக்கொண்டிருந்தான். வண்டி நிறைய இலை. ஆண்டிச்சாமி விடுவானா? மரிக்கொழுந்து, துளசி, மாவிலை, வாழைக்கன்று என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கலர்ப்படத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டான். பூசணிக்காயில் வந்து நின்றுவிட்டான்.

"உருண்டையா இருக்கேண்ணே."

"யோவ், பூசணிக்காய்யா அது! திருஷ்டி கழிக்க."

"எனக்குத் தெரியுதுண்ணே. படத்துல 'உருண்டை வடிவம்'னுல போட்டிருக்கு. எழுதிக் குடுத்துட்டு உள்ள போங்க."

அவன் எழுதிக்கொண்டிருந்தபோது ஆய்வகப் பக்கமிருந்து ஆட்டோகிளேவ் ஆவி விடுகிற சத்தம் கேட்டது. கண்ணாடிச் சாமான்களை அவிக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

உள்ளே கூடத்தில் மணைப் பலகை. அதன்மேல் பன்னிரண்டு சேமிப்புக் குழாய்கள், ஆறு வளர்ப்புத் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். பி.கே. ஒன்றின் மொத்த வம்சமும் அதுதான். உலகத்தில் வேறெங்கும் அதற்கு ஒரு பிரதி கிடையாது, வெளியே கொடுக்க அனுமதி இல்லாததால்.

"நல்லா வெந்துருச்சு தம்பி" என்றாள் ராக்கம்மாள். "இருவது நிமிசம்னாக. சாமி காரியமாச்சேன்னு கூட அஞ்சு நிமிசம் சேத்தே வச்சேன்."

"எல்லாத்தையுமாக்கா?"

"ஒண்ணு விடல. ஃப்ரீசர்ல பின்னாடி ஐஸோட ஒட்டிக்கிட்டுக் கெடந்ததக் கூடச் சொரண்டி எடுத்துட்டேன். எம்புட்டுப் பாடு!"

கிரிதரன் சுவரைப் பிடித்துக்கொண்டான். ஐந்து வருஷம். பெற்ற பிள்ளையின் பிறந்த நாளைக்குக் கூடப் போகாமல் பார்த்துப் பார்த்து வளர்த்தது. மணியடித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். துக்கத்தோடு கண்ணை மூடிக் கும்பிட்டவனுக்கு, மூடின கண்ணுக்குள்ளேயே ஒரு வெளிச்சம் அடித்தது. ஒப்படைக்க எதுவும் இல்லை. அழிக்கவும் எதுவும் இல்லை. அப்புறம் பொறுப்பு ஏது, பொறுப்பாளர் ஏது? அம்மா தாயே, விடுதலை! பொரியும் சுண்டலும் இரண்டு முறை வாங்கித் தின்றான்.

ஆனாலும் விஞ்ஞானியல்லவா, இரண்டு வாரம் முறைப்படி சோதித்தான். பதினெட்டிலிருந்தும் எடுத்துப் புதுத் தட்டில் கீறிப் பார்த்தான். ஒன்றும் முளைக்கவில்லை. 'பி.கே. ஒன்று முற்றிலும் இறந்துவிட்டது. ஆகவே என்னை விடுவிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தான். கமிட்டி அவசரமாகக் கூடியது.

"யார் அனுமதியில செத்துச்சு?" என்றார் சந்தானம்.

"நீங்கதானே சார் ஆட்டோகிளேவ்ல வைக்கச் சொன்னீங்க?"

"அது பூஜை. அழிப்பு இல்ல. அழிக்க அனுமதி கேட்டு நீங்க எழுதுன மனு இன்னும் பரிசீலனையில இருக்கு. அனுமதி குடுக்கல, அதனால அழிப்பு நடக்கல. நடந்திருந்தா அது விதிமீறல். விதிமீறல் நடந்துச்சுன்னு சொல்றீங்களா?"

"அவிச்சா செத்துரும் சார். அதுக்குத்தானே அவிக்கிறதே!"

"நோக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? நாங்க சுத்தம் பண்ணத்தான் அவிச்சோம். சாகடிக்கணும்னு அவிக்கல."

"தட்டுல பாருங்க சார். ஒண்ணுமே இல்ல."

பஞ்சாபகேசன் தட்டை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகத்தில் கருணை ததும்பியது. "கிரி, கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா? கிருமின்னாலே கண்ணுக்குத் தெரியாததுதானேப்பா. இத நான் உனக்குச் சொல்லித் தரணுமா?"

கூட்டக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: 'பூஜைக்குப் பிறகு பி.கே. ஒன்று அமைதியாக உள்ளது. பொறுப்பாளர் வழக்கம்போல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, திங்கட்கிழமையன்று, சப்கல்ச்சர் செய்து வரவேண்டும்.'

சப்கல்ச்சர் என்றால் பழைய தட்டிலிருந்து புதுத் தட்டுக்கு மாற்றிப் போடுவது. உயிரோடு இருக்கிற பாக்டீரியாவுக்குத் தீனி தீர்ந்து போகுமல்லவா, அதற்காகச் செய்கிற காரியம். கிரிதரன் திங்கட்கிழமை விளக்கைப் பற்றவைத்து, கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, காலித் தட்டில் தொட்டு, இன்னொரு காலித் தட்டில் கீறினான். மறுநாள் எடுத்துப் பார்த்தான். குறிப்பேட்டில் 'வளர்ச்சி' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினான். சந்தானம் திருப்பி அனுப்பினார். அந்தக் கட்டத்தில் 'மிகுதி, இயல்பு, மிதம்' என்ற மூன்றில் ஒன்றைத்தான் எழுதலாமாம். பாவம், மனசு கேட்காமல் 'மிதம்' என்று எழுதினான். அடுத்த முறை 'இயல்பு' என்று எழுதினான். எழுதுகிறபோது கை கூசவில்லை என்பதை அவனே கவனித்தான்.

முன்னைவிட இப்போது வேலை சுத்தமாக நடந்தது. பாக்டீரியா வளர்கிற தட்டில் ஒரு பூஞ்சைப் புள்ளி விழுந்தால் யாருக்கும் தெரியாது. காலித் தட்டில் விழுந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆகவே மூச்சை அடக்கிக்கொண்டு செய்தான். ஒரு நாள் ராக்கம்மாள் மேசை துடைக்கும்போது தட்டுகளை ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டாள். அவளை அவன் அப்படிச் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை.

"செத்த கிருமிக்கு இம்புட்டுக் கோவமா தம்பி?" என்று அவள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

நவம்பர் நடுவில் டில்லியிலிருந்து நிபுணர் குழு வந்தது, நான்கு பேர். பி.கே. ஒன்றைப் பெரிய தொட்டியில் வளர்க்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள். காற்றைச் சோதித்தார்கள், சாக்கடையைச் சோதித்தார்கள், ஆண்டிச்சாமியின் மூக்கில் பஞ்சு விட்டுச் சோதித்தார்கள். ஊட்டியிலிருந்து தொட்டியோடு ஒரு முட்டைக்கோஸ் செடியைத் தனி வேனில் வரவழைத்தார்கள். ஆண்டிச்சாமி அதற்குச் சல்யூட் அடித்து உள்ளே விட்டான். அதன்மேல் பி.கே. ஒன்றைத் தெளித்துவிட்டு ஒரு வாரம் காத்திருந்தார்கள். முட்டைக்கோஸ் அரைக் கிலோ கூடியது.

முடிவு சொல்கிற கூட்டத்தில் குழுத் தலைவர் எழுந்தார். "இருபது வருஷ அனுபவத்தில் இப்படியொரு கட்டுப்பாடான உயிரியை நாங்கள் பார்த்ததில்லை. தப்பவில்லை, பரவவில்லை, எந்த இலையையும் தொடவில்லை, மற்ற கிருமிகளோடு சண்டைக்கும் போகவில்லை. மற்ற நிறுவனங்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்."

கிரிதரன் எழுந்து நின்றான். "அது செத்துப் போச்சுங்க சார். அவிச்சுட்டாங்க. தட்டுல ஒண்ணுமே இல்லைங்க."

குழுத் தலைவர் பஞ்சாபகேசனைப் பார்த்தார். பஞ்சாபகேசன் புன்னகை செய்தார். "எப்பவுமே இப்படித்தான். தான் பண்ணினதப் பெருசாச் சொல்லிக்கவே மாட்டான்."

எல்லோரும் கை தட்டினார்கள். 'பொறுப்பாளர் தன்னடக்கத்துடன் பேசினார்' என்று சந்தானம் எழுதிக்கொண்டார். பசை எவ்வளவு வரும் என்று கடைசியில் ஒருவர் கேட்டார். "பாதுகாப்பு முதல்ல, பசை அப்புறம்" என்றார் பஞ்சாபகேசன். அதற்கும் கை தட்டினார்கள். பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு அனுமதி கிடைத்தது.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் தம் கையாலேயே ஒரு காகிதம் கொடுத்தார். அங்கேயே நின்று பிரித்தான். அனுமதி பெற்ற உயிரியின் பொறுப்பாளர் தற்காலிகப் பணியாளராக இருக்கக்கூடாதாகையால், திரு. கிரிதரன் இன்று முதல் நிரந்தரமாக்கப்படுகிறார்.

"ரிலீவிங் ஆர்டர் சார்?" என்றான்.

"நிரந்தரமானவனுக்கு எதுக்குப்பா ரிலீவிங்? அம்பத்தெட்டு வயசுல தானா வரும். பாரேன், எட்டு வருஷமா இதுக்குத்தானே தவம் கிடந்தே?"

தவம் கிடந்தது வாஸ்தவம்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் பழனிக்கு நடந்தே போயிருப்பான். வீட்டில் காகிதத்தை வாங்கிப் படித்த பத்மாசினி அதை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். திட்டாதது அவனுக்குப் பயமாக இருந்தது.

நவம்பர் இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை சாயங்காலம். வீட்டுக்காரர் வேறு குடித்தனத்துக்கு முன்பணம் வாங்கிவிட்டார். கூடம் முழுக்கச் சாக்கு மூட்டை. டெலிபோன் அடித்தது. சிவராம்.

"கிரிதரன், எம்.டி.கிட்டப் பேசிட்டேன். நீங்க சொன்ன கதையெல்லாம் சொன்னேன், மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சார். ரிலீவிங் ஆர்டரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கிளம்பி வாங்க. அந்தப் பாக்டீரியாவ இங்க புதுசாப் பண்ணிக்கலாம், கைத்திறமை உங்ககிட்டத்தானே இருக்கு. நாளைக்கு ரயில் ஏறுனா திங்கக்கெழம காலைல வந்து சேந்துரலாம்."

ரிசீவருக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த பத்மாசினி அவன் தோளை இறுகப் பிடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "வாரேன்னு சொல்லுங்க" என்று உதட்டசைவில் சொன்னாள். "வாரேன்னு சொல்லுங்க."

கிரிதரன் வாயைத் திறந்தான். வாரேன் சார் என்று சொல்லத்தான் திறந்தான், அது சத்தியம்.

"திங்கக்கெழமையா சார்?" என்றான். "திங்கக்கெழம எனக்கு சப்கல்ச்சர் இருக்கே."

"அதுதான் செத்துப் போச்சுன்னு நீங்களே சொன்னீங்களே?" என்றார் சிவராம்.

"ஆமா சார், செத்துப் போச்சு. இருந்தாலும் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா மாத்திப் போட்டுரணும் சார். விட்டா வீணாப் போயிரும்."

பத்மாசினியின் கை அவன் தோளிலிருந்து நழுவியது. அவள் ஒரு மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்து, ஜூலை மாதம் கட்டின கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தாள். கிரிதரன் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். செவ்வாய்க்கிழமை கிளம்பி வரட்டுமா என்று கேட்கலாமா என நினைத்தான். செவ்வாய்க்கிழமை தட்டை எடுத்துப் பார்த்து வளர்ச்சி எழுத வேண்டிய நாள் என்பது ஞாபகம் வந்ததும், கேட்காமலே இருந்துவிட்டான்.